டிலனாய், தேவசகாயம், ஞானப்பூ: மூன்று கல்லறைகளுக்கு இரண்டு நாள் பயணம்

புனித தேவசகாயம் வாழ்ந்த இடங்களைப் பார்க்கக் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வேன் பிடித்து வருகிறவர்கள் பெரும்பாலும் காற்றாடிமலை ஏறுவார்கள், கோட்டாறு பேராலயத்தில் ஜெபிப்பார்கள், மாலையில் கன்னியாகுமரிக் கடற்கரைக்குப் போய்விடுவார்கள். ஒன்று அவர் சுட்டுக் கொல்லப்பட்ட இடம், மற்றது அடக்கம் செய்யப்பட்ட இடம். இரண்டுமே சாவைத்தான் சொல்கின்றன. அவருக்கு விசுவாசம் எப்படி வந்தது, யார் வழியாக வந்தது, அவர் போன பிறகும் அதை யார் கட்டிக்காத்தார் என்று தெரிந்துகொள்ள இன்னும் இரண்டு இடம் போக வேண்டும். நண்பர் டிலனாயின் கல்லறை உதயகிரிக் கோட்டையில் இருக்கிறது. மனைவி ஞானப்பூவின் கல்லறை மாவட்ட எல்லை தாண்டி வடக்கன்குளத்தில் இருக்கிறது. நாகர்கோவிலில் ஓர் இரவு தங்கினால் எல்லாவற்றையும் அவசரப்படாமல் பார்த்துவிடலாம்.

ஆளைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 1712 ஏப்ரல் 23 அன்று நட்டாலத்தில் பிறந்தவர் நீலகண்டன். தந்தை காயங்குளத்தைச் சேர்ந்த நம்பூதிரி, தாய் நாயர் குலத்தவர். பத்மநாபபுரத்தில் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனையில் வேலை பார்த்தார். மேக்கோட்டைச் சேர்ந்த பார்கவியை (பின்னாளில் ஞானப்பூ) மணந்தார். 1745-இல் தேவசகாயம் என்ற பெயரில் கிறிஸ்தவரானார், 1749-இல் கைதானார், 1752-இல் கொல்லப்பட்டார். 2012 டிசம்பர் 2 அன்று நாகர்கோவிலில் அருளாளர் பட்டமும், 2022 மே 15 அன்று வத்திக்கானில் புனிதர் பட்டமும் வழங்கப்பட்டன. துறவியோ குருவோ அல்லாத இந்தியர் ஒருவர் புனிதரானது அதுவே முதல் முறை. வழியில் பார்க்கும் பலகைகளின் வயதை இதை வைத்தே கணக்கிடலாம்: ‘மறைசாட்சி’ என்றால் 2012-க்கு முந்தியது, ‘அருளாளர்’ என்றால் இடைக்காலம், ‘புனித’ என்றால் புதியது. சாதிப் பெயரான ‘பிள்ளை’யைப் புனிதர் பட்டத்தின்போது வத்திக்கான் விட்டுவிட்டது. பழைய பலகைகளில் அது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

முதல் நாள் காலை வடசேரி பேருந்து நிலையத்தில் தக்கலை வழியாக மார்த்தாண்டம் போகும் பேருந்தில் ஏறுங்கள். ஏறுமுன் ‘புலியூர்க்குறிச்சி நிக்குமா’ என்று கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். திருவனந்தபுரம் வரை போகும் விரைவுப் பேருந்துகளில் ஏறினால் தக்கலையில் இறங்கி, வந்த வழியே திரும்ப வேண்டியிருக்கும். நாகர்கோவிலில் இருந்து சுமார் 15 கிலோமீட்டர்தான் தூரம். ஆனால் பார்வதிபுரம், சுங்கான்கடை, வில்லுக்குறி என்று நெரிசலான சாலை என்பதால் முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள்.

உதயகிரிக் கோட்டை சாலையோரத்திலேயே இருக்கிறது. உள்ளே வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா இருப்பதால் நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும். குழந்தைகளோடு வருகிறவர்கள் மான்களையும் பறவைகளையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவதுண்டு. டிலனாய் கல்லறை எந்தப் பக்கம் என்று வாசலிலேயே கேட்டுக்கொண்டு முதலில் அங்கே போய்விடுங்கள். கூரை இல்லாமல் சுவர் மட்டும் நிற்கும் பழைய சிற்றாலயம் அது. உள்ளே தரையில் பதித்த கல்லில் லத்தீனும் தமிழும் வெட்டியிருக்கும்.

யுஸ்தாக்கியுஸ் டிலனாய் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் வந்தவர். 1741 ஆகஸ்டில் குளச்சலில் திருவிதாங்கூர்ப் படையிடம் தோற்றுச் சிறைப்பட்டார். ராஜா அவரைக் கொல்லாமல் தம் வீரர்களுக்குப் பயிற்சி கொடுக்க வைத்தார். அடுத்த சில ஆண்டுகளில் இந்தக் கோட்டை புதுப்பிக்கப்பட்டது. பீரங்கி வார்க்கும் உலையும் இங்கே இருந்தது. ஊரார் அவரை ‘வலிய கப்பித்தான்’ (பெரிய கேப்டன்) என்று அழைத்தார்கள். அவர் கத்தோலிக்கர். கோட்டைக்குள் சிற்றாலயம் இருப்பதற்கு அதுதான் காரணம்.

இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் அரண்மனையில் வேலை பார்த்த நீலகண்டனுக்கும் இவருக்கும் பழக்கம் ஏற்பட்டு நட்பானது. அந்த நாட்களில் நீலகண்டனுக்கு மாடு கன்றுகள் செத்து, விளைச்சல் போய், அடிமேல் அடி விழுந்திருந்தது என்பது மரபாகச் சொல்லப்படும் வரலாறு. மனம் நொந்திருந்த நண்பருக்கு டிலனாய் யோபுவின் கதையைச் சொன்னாராம். தேர்ந்தெடுத்த கதையை கவனியுங்கள். ஆடு, மாடு, ஒட்டகம், பிள்ளைகள் எல்லாம் பறிபோன பின்னும் கடவுளை விடாத மனிதனின் கதை. நாட்டையும் விடுதலையையும் இழந்து அந்நிய ராஜாவிடம் ஊழியம் பார்க்கும் கைதியின் வாயிலிருந்து அது வந்திருக்கிறது. கேட்டவர் ஏன் அசைந்தார் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

கல்லறையின் லத்தீன் வாசகத்தைப் படிக்கத் தெரியாவிட்டாலும் அதன் சாரத்தைத் தெரிந்துகொண்டு போங்கள். சுமார் 37 ஆண்டுகள் ராஜாவுக்கு விசுவாசமாக உழைத்தவர், காயங்குளம் முதல் கொச்சி வரை உள்ள அரசுகளைப் படைபலத்தால் அடக்கியவர், 62 வயதும் ஐந்து மாதமும் வாழ்ந்து 1777 ஜூன் 1 அன்று இறந்தவர் என்கிறது அந்தக் கல். நண்பரைக் கொன்ற அரசுக்கு, அந்தக் கொலைக்குப் பிறகும் 25 ஆண்டுகள் படை நடத்தியிருக்கிறார். இதை எந்த வழிகாட்டியும் எடுத்துச் சொல்வதில்லை. பக்திப் பிரசுரங்கள் டிலனாயை நண்பரின் ஞானஸ்நானத்தோடு மறந்துவிடுகின்றன, படை வரலாறு எழுதுகிறவர்கள் தேவசகாயத்தை மறந்துவிடுகிறார்கள். கல்லறையின் முன் நின்றால் இரண்டையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

அங்கிருந்து தக்கலை வழியாகப் பத்மநாபபுரம் அரண்மனைக்கு ஆட்டோ கிடைக்கும். அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. திங்கட்கிழமை விடுமுறை. மதியம் ஒரு மணிக்கு மேல் உணவு இடைவேளைக்குச் சாத்திவிடுவார்கள், அதனால் பதினொரு மணிக்குள் உள்ளே போய்விடுவது நல்லது. செருப்பை வாசலில் விட வேண்டும். இங்கே உப்பரிகை மாளிகையைக் கவனமாகப் பாருங்கள். மேல்தளம் பத்மநாப சுவாமிக்கென்றே ஒதுக்கப்பட்டது. மார்த்தாண்ட வர்மா அதைக் கட்டியது 1750-இல். அதே ஆண்டு ஜனவரி 3 அன்று நாட்டையே பத்மநாப சுவாமிக்கு எழுதிக் கொடுத்து, தாம் அவருடைய தாசனாக ஆள்வதாக அறிவித்தார். திருப்படிதானம் என்பது அதுதான். அப்போது தேவசகாயம் சங்கிலியில் கிடந்தார். ஆட்சிக்கும் தெய்வத்துக்கும் இடையே கோடே இல்லாமல் போன அந்த ஆண்டுகளில் ஓர் அரண்மனை ஊழியர் மதம் மாறியதை அவருடைய தனிப்பட்ட விஷயம் என்று அரசு விட்டிருக்க முடியாது. அவர் தண்டிக்கப்பட்டது மதத்துக்காக இல்லை, வேறு குற்றத்துக்காக என்று வாதிடும் வரலாற்றாளர்களும் உண்டு. கத்தோலிக்கத் தரப்பு முக்கியமாகக் காட்டும் சான்று கொச்சி ஆயர் 1756-இல் ரோமுக்கு அனுப்பிய அறிக்கை. சம்பவம் நடந்து நான்கே ஆண்டுகளில் எழுதப்பட்டது என்பதால் அதற்கு எடை அதிகம்.

பிறந்த ஊரான நட்டாலத்துக்குப் போக வேண்டுமானால் மார்த்தாண்டம் போய் அங்கிருந்து போக வேண்டும். அரை நாள் அதற்கே ஆகிவிடும். மகா சிவராத்திரியை ஒட்டி மட்டும் போகாதீர்கள். பக்தர்கள் பன்னிரண்டு சிவன் கோயில்களுக்கு ஓடிச் செல்லும் சிவாலய ஓட்டத்தின் கடைசிக் கோயில் திருநட்டாலம். ‘கோவிந்தா, கோபாலா’ என்று ஓடிவரும் பக்தர்களால் சாலை நிறைந்திருக்கும். ஏழாவது கோயில் கல்குளம் நீலகண்ட சுவாமி கோயில், அரண்மனைக்குப் பக்கத்தில் இருப்பது. நீலகண்டன் ஊழியம் செய்ததாகச் சொல்லப்படும் கோயில் அதுதான்.

திரும்பும் வழியில் புலியூர்க்குறிச்சியில் முட்டிடிச்சான் பாறை. தாகத்தால் தவித்த தேவசகாயம் கை முட்டியால் இடிக்க, தண்ணீர் சுரந்தது என்பது நம்பிக்கை. கைதானபின் எருமை மேல் பின்னோக்கி உட்கார வைத்து, எருக்கம்பூ மாலை போட்டு, ஊர் ஊராக இழுத்துச் சென்றார்கள், அடித்த காயத்தில் மிளகாய்த்தூள் தடவினார்கள் என்றெல்லாம் சொல்லப்படும் பாதை இது. பாறைத் தண்ணீரை வீட்டுக்கு எடுத்துப் போவது வழக்கம். சின்ன பாட்டில் போதும், பெரிய கேன் கொண்டுவந்தால் பின்னால் நிற்பவர்கள் முகம் சுளிப்பார்கள். நாகர்கோவிலை நெருங்கும்போது பெருவிளை வரும். வேப்பமரத்தில் அவரைக் கட்டி வைத்திருந்த ஊர். இங்கே பத்து நிமிடம் போதும்.

மாலையில் கோட்டாறு சவேரியார் பேராலயம். நாகர்கோவில் ஜங்ஷன் ரயில் நிலையத்தில் இருந்து பக்கம்தான். பேராலயத்துக்குள் பீடத்தின் முன்பகுதியில் தேவசகாயம் அடக்கம் செய்யப்பட்ட இடம் இருக்கிறது. திருப்பலி நேரத்தில் போனால் கல்லறை அருகே நிற்க முடியாது, அதற்கு முன்போ பின்போ போங்கள். நவம்பர் கடைசி வாரத்தில் தொடங்கி டிசம்பர் 3 வரை சவேரியார் திருவிழா. அந்தப் பத்து நாளில் கோட்டாறில் தங்க அறை கிடைப்பதும் கஷ்டம், வண்டி நிறுத்துவது அதைவிடக் கஷ்டம்.

இரண்டாம் நாள் விடிந்ததும் கிளம்புங்கள். காற்றாடிமலை இருக்கும் ஆரல்வாய்மொழி நாகர்கோவிலில் இருந்து 15 கிலோமீட்டர் அளவில் திருநெல்வேலி சாலையில் இருக்கிறது. திருநெல்வேலிக்கு ‘எண்ட் டு எண்ட்’ பேருந்துகள் ஓடுகின்றன. அதில் ஏறிவிட்டால் நடுவில் நிறுத்த மாட்டார்கள், திருநெல்வேலியில்தான் இறங்க வேண்டும். சாதாரணப் பேருந்தில் ஏறி, தேவசகாயம் மவுண்ட் (காற்றாடிமலைக்கு இப்போதைய பெயர்) போக வேண்டும் என்று சொல்லுங்கள். காற்றாடிமலை பெரிய மலையெல்லாம் இல்லை, முதியவர்களும் மெதுவாக ஏறிவிடலாம். ஆனால் வெறுங்காலோடு ஏறுவதாக நேர்ந்துகொண்டு வருகிறவர்கள் பத்து மணிக்குப் பிறகு வந்தால் பாறை பொசுக்கிவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை கணவாய்க் காற்று ஆளைத் தள்ளும். பக்கத்து முப்பந்தலில் காற்றாலைகள் ஏன் அப்படி நெருக்கமாக நிற்கின்றன என்பது அப்போது புரியும். தொப்பி, துப்பட்டா, மெழுகுவர்த்தி எதுவும் நிற்காது. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பாறை விளிம்புக்குப் போக வேண்டாம்.

1752 ஜனவரி 14 அன்று இங்கேதான் சுட்டார்கள். உடலைக் காட்டில் எறிந்துவிட்டார்கள் என்றும், சில நாள் கழித்துக் கிறிஸ்தவர்கள் எலும்புகளைப் பொறுக்கிக் கோட்டாறுக்கு எடுத்துச் சென்றார்கள் என்றும் சொல்வார்கள். தட்டினால் மணிபோல ஒலிக்கும் மணியடிச்சான் பாறையையும் காட்டுவார்கள். நினைவு நாள் பொங்கலோடு சேர்ந்து வருவதால் ஜனவரி 13, 14 தேதிகளில் ரயிலிலும் பேருந்திலும் இடம் கிடைக்காது. முன்பதிவு இல்லாமல் வெளியூரில் இருந்து கிளம்புவது வீண்.

இனி வடக்கன்குளம். ஆரல்வாய்மொழியில் இருந்து காவல்கிணறு விலக்கு வரை பேருந்தில் வந்து, அங்கிருந்து உள்ளூர்ப் பேருந்தோ ஆட்டோவோ பிடிக்கலாம். திருவிதாங்கூர் ராஜாவின் கை எட்டாத பாண்டிநாட்டுப் பக்கம் இது. அதனால்தான் டிலனாய் தம் நண்பரைக் கடிதம் கொடுத்து இங்கே அனுப்பினார். இயேசு சபைக் குரு புத்தாரி, தமிழில் பரஞ்சோதிநாதர், 1745 மே 14 அன்று அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். லாசர் என்ற பெயரே தமிழில் தேவசகாயம் ஆனது.

பார்கவி உடனே சம்மதிக்கவில்லை. உறவினர் கோபத்துக்கும் குலதெய்வத்துக்கும் பயந்தார். கணவர் வற்புறுத்தாமல் காத்திருந்து, சொல்லிப் புரிய வைத்தார் என்பதே வழிவழியாக வரும் செய்தி. பிறகு அவரும் இங்கேயே வந்து தெரேசா என்ற பெயரில், தமிழில் ஞானப்பூவாக, ஞானஸ்நானம் பெற்றார். அதற்கு விலை பெரிது: சொந்தவீட்டுக்குத் திரும்பும் வழி அடைந்துபோனது. கணவர் சிறையில் இருந்த ஆண்டுகளிலும் அவர் பின்வாங்கவில்லை. கணவர் கொல்லப்பட்டபின் உறவினரிடம் போகாமல், இருவரும் புது வாழ்வு தொடங்கிய இந்த ஊருக்கே வந்து கடைசிவரை வாழ்ந்து இங்கேயே அடங்கினார். ‘ஞானப்பூ அம்மாள் கல்லறை’ என்று கேட்டால் ஊரில் காட்டுவார்கள். பயணத் திட்டங்களில் முதலில் வெட்டுப்படும் இடம் இதுதான். நேரம் பற்றாதவர்களுக்கு எங்கள் யோசனை: பெருவிளையை விடுங்கள், நட்டாலத்தைக்கூட விடுங்கள், இதை விடாதீர்கள். புனிதர் பட்டம் ஒருவருக்குத்தான் கிடைத்தது, அந்த மண வாழ்க்கையைத் தாங்கியது இரண்டு பேர்.

இன்னொன்றையும் இங்கே விசாரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். 1872-இல் இந்த ஊரில் கட்டிய கோயிலுக்கு ஊர்ப்பேச்சில் கால்சட்டைக் கோயில் என்று பெயர். வெள்ளாளர் ஒரு பக்கமும் நாடார் மறு பக்கமும் உட்கார, பீடத்தில் மட்டும் சேரும்படி இரண்டு கால்களாகப் பிரித்துக் கட்டியது. நடுவில் இருந்த சுவர் 1910-இல்தான் இடிக்கப்பட்டது, அதற்கும் வழக்கு நடந்தது. சாதியை விட்டு வந்த தம்பதிக்கு ஞானஸ்நானம் கொடுத்த ஊரிலேயே இது நடந்திருக்கிறது. தேவசகாயத்தின் பெயரில் இருந்து ‘பிள்ளை’யை எடுக்கச் சொல்லி ரோமுக்குக் கடிதம் எழுதினவர்களின் ஆதங்கம் இந்த ஊரைப் பார்த்தால் விளங்கும்.

கோயில் மதியத்தில் பூட்டியிருக்கலாம், பத்தரை மணிக்குள் வந்துவிடுவது உத்தமம். பிப்ரவரி முதல் மே வரை என்றால் சாலையோரம் பதநீர் கிடைக்கும், காலையிலேயே குடித்துவிடுங்கள், வெயில் ஏற ஏறப் புளித்துவிடும். வடக்கே போகிறவர்கள் நாகர்கோவிலுக்குத் திரும்ப வேண்டியதில்லை. வள்ளியூரில் பல ரயில்கள் நிற்கின்றன, வடக்கன்குளத்தில் இருந்து அதுதான் கிட்டம். கன்னியாகுமரி போகிறவர்கள் காவல்கிணறுக்கே திரும்பி வந்து நான்குவழிச் சாலையில் பேருந்து பிடிக்கலாம்.