கொடைவிழா வில்லுப்பாட்டை டிவிடியில் பதிந்த அனுபவம்

எங்கள் குடும்பக் கோவில் கொடைவிழாவில் பாடப்பட்ட வில்லுப்பாட்டை முழுவதுமாகக் கேமராவில் பதிவு செய்திருந்தோம். பென்டிரைவில் கொடுத்தால் வாங்கிக்கொள்ளும் உறவினர்கள் பலர் இருந்தாலும், தக்கலை, இரணியல் பக்கத்துப் பெரியவர்கள் வீடுகளில் தொலைக்காட்சியோடு இணைத்த பழைய டிவிடி பிளேயர்தான் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. முன்பு இவ்வேலையைச் செய்து கொடுத்த நாகர்கோவில் கடைகளில் எனக்குத் தெரிந்தவை இப்போது செல்போன் பழுது பார்க்கின்றன. ஆகவே, திருவட்டாறு அருகிலுள்ள எங்கள் வீட்டில் இருந்த விண்டோஸ் 7 கணினியிலும், வெளியிலிருந்து இணைக்கும் டிவிடி ரைட்டர் கொண்ட ஒரு மடிக்கணினியிலும் இந்த வேலையைச் செய்து முடித்தேன்.

முதலில் வந்த சிக்கல், கணினியில் சிக்கலாகவே தெரியவில்லை. அண்ணன் மகன் பதிந்து அனுப்பிய டிவிடிகள் கணினியில் நன்றாக ஓடின. ஆனால், இரணியலில் இருந்து மாமா தொலைபேசியில், “மக்களே, உள்ள போட்டா நோ டிஸ்க்குன்னுதான் வருது” என்றார். வெற்று டிவிடியைச் செருகியவுடன் விண்டோஸ் 7 இரண்டு வழிகளைக் காட்டுகிறது. பென்டிரைவைப் போலப் பயன்படுத்துவது ஒன்று. சிடி, டிவிடி பிளேயருக்காகப் பதிவது மற்றொன்று. முதல் வழி முன்கூட்டியே தேர்வாகியிருக்கும். அதில் பதிந்ததைக் கணினிகள் படிக்கும். வீட்டு பிளேயர்கள் பெரும்பாலும் படிக்கமாட்டா. இரண்டாம் வழியைத் தேர்ந்தாலும் எம்பி4 கோப்பை அப்படியே நகலெடுத்தால் அது தரவு வட்டாகத்தான் இருக்குமே தவிர, வீடியோ டிவிடி ஆகாது. பழைய பிளேயர் எதிர்பார்ப்பது எம்பெக்-2 என்ற வீடியோ சுருக்க முறையில், நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையான பிஏஎல் அளவான 720க்கு 576 புள்ளிகளில், நொடிக்கு 25 சட்டகங்களாக மாற்றப்பட்டு, வீடியோ_டிஎஸ் என்ற கோப்புறைக்குள் ஒவ்வொன்றும் 1 ஜிபியைத் தாண்டாத விஓபி கோப்புகளாகப் பிரிக்கப்பட்ட படம். இந்த மாற்றத்தை இலவசமாகக் கிடைக்கும் டிவிடி ஸ்டைலர் செய்து தந்தது. ஆனால், பழைய கணினியில் இதற்கு இரவு முழுவதும் ஆகலாம் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். உறையில் 4.7 ஜிபி என்று அச்சிட்டிருந்தாலும், அது 470 கோடி பைட்டுகளைக் குறிப்பதால் விண்டோஸ் கணக்கில் சுமார் 4.38 ஜிபிதான் வரும். இரண்டு மணி நேரப் படத்தை அதில் அடைத்தால், படத்தின் ஒவ்வொரு நொடிக்கும் ஏறத்தாழ 5 மெகாபிட் இடம் கிடைக்கும். மூன்று மணி நேரத்தை அடைத்தால் மூன்றரை மெகாபிட்டாகக் குறைந்து, இரவுக் காட்சிகளில் தீப்பந்தமும் புகையும் கட்டம் கட்டமாக உடைந்து தெரியும். நள்ளிரவு தாண்டிப் பாடும் கதையை ஒரே டிவிடியில் திணிப்பதைவிட மூன்றாகப் பிரிப்பதே நல்லது என்பது என் கருத்து. (முழு வட்டையும் ஐஎஸ்ஓ என்ற ஒரே கோப்பாக வைத்துக்கொள்பவர்கள், அது 4 ஜிபியைத் தாண்டினால் ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவில் நகலெடுக்க முடியாது, அங்கே ஒரு கோப்புக்கு 4 ஜிபிதான் எல்லை.)

அதிக நேரத்தைத் தின்றது இனிச் சொல்லப்போகும் சிக்கல்தான். பதியத் தொடங்கிய சில நொடிகளிலேயே ‘பவர் காலிப்ரேஷன் எரர்’ என்ற செய்தியோடு வேலை நின்றது. பதியத் தொடங்கும் முன் ரைட்டர், வட்டின் உள்விளிம்பை ஒட்டிய சிறு பகுதியில் லேசரின் வெவ்வேறு ஆற்றல்களில் சோதனையாக எழுதிப் பார்த்து, பதிவு விழும் அந்த வட்டின் சாயப்படலத்துக்கு ஏற்ற ஆற்றலைத் தேர்ந்துகொள்கிறது. சாயம் கெட்டிருந்தாலும், லென்சில் தூசி படிந்திருந்தாலும், லேசர் தளர்ந்திருந்தாலும் பொருத்தமான ஆற்றல் கிடைக்காமல் இதே செய்திதான் வரும். ஆகவே, செய்தியை மட்டும் படித்துவிட்டு ரைட்டரைக் குறை சொல்ல முடியாது. அதே கணினியில் சிடி நன்றாகப் பதிந்ததைப் பார்த்து ரைட்டர் நலமாக இருப்பதாக வீட்டில் சொன்னார்கள். அதுவும் போதிய சான்றல்ல, ஏனெனில் சிடிக்கு 780 நானோமீட்டர் லேசரும் டிவிடிக்கு 650 நானோமீட்டர் லேசரும் வேலை செய்கின்றன. கடையில் வாங்கிய திரைப்பட டிவிடி ஓடுவதும் சான்றாகாது. படிப்பதற்குத் தேவையான ஆற்றலைவிட எழுதுவதற்குப் பல மடங்கு ஆற்றல் வேண்டும்.

வட்டுகளையும் ரைட்டர்களையும் மாற்றி மாற்றிச் சோதித்தபோதுதான் உண்மை தெரிந்தது. மேசைக் கணினியில் தோற்ற அதே அடுக்கிலிருந்த வெற்று டிவிடிகள் மடிக்கணினியின் ரைட்டரிலும் தோற்றன. வேறொரு கடையில் வாங்கியவை இரண்டிலும் ஒழுங்காகப் பதிந்தன. அடுக்கு வாங்கிய கடையில் அது கண்ணாடி அலமாரியில், வெயில் விழும் இடத்தில் இருந்தது. பதிவு வட்டின் சாயம் வெளிச்சத்துக்கும் வெப்பத்துக்கும் கெடக்கூடியது. இம்ஜ்பர்ன் என்ற இலவச மென்பொருளில் வட்டைச் செருகினால், அதை உண்மையில் தயாரித்தவரின் அடையாளக் குறியீட்டைக் காணலாம். உறையில் உள்ள பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருப்பது வேறு வேறு தொழிற்சாலைகளின் வட்டாக இருக்கக்கூடும் என்பதால், நன்றாகப் பதிந்த குறியீட்டை நான் எழுதி வைத்துக்கொண்டேன். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரண்டு பருவமழைகளும் பெய்யும் நம் மாவட்டத்தின் ஈரத்தில் வட்டுகளை உறையின்றி வைத்திருப்பதும் நல்லதல்ல. இப்போது அவற்றை அப்பளத்தைப் போலக் காற்றுப் புகாத டப்பாவில், இருட்டான இடத்தில் வைத்திருக்கிறேன்.

நல்ல வட்டுகளிலும் சிலவற்றில் பதிவு முடிந்து, சரிபார்க்கும்போது கடைசிப் பகுதியில் பிழை வந்தது. டிவிடி உள்ளிருந்து வெளிவிளிம்பை நோக்கி எழுதப்படுவது. வேகம் மிகுவதும், வட்டின் நெளிவு அதிகம் தெரிவதும் வெளிவிளிம்பில்தான். 16 மடங்கு வேகத்தை 8 ஆகக் குறைத்து, மொத்த அளவையும் 4.2 ஜிபிக்குள் நிறுத்தியதும் பிழை நின்றது. மிகக் குறைந்த வேகம்தான் எப்போதும் சிறந்தது என்று பலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. 16 மடங்குக்காகச் செய்த சாயத்தில் மிக மெதுவாக எழுதினால் பதிவு தரமாக அமையும் என்ற உறுதி கிடையாது.

மடிக்கணினியில் வந்தது வேறு சிக்கல். பாதியில் ஒரு சிறு ஓசையோடு ரைட்டர் திரையிலிருந்து மறைந்துவிடும். மின்சாரம் போதாததே காரணம். யூஎஸ்பி 2.0 துளை ஒன்று 500 மில்லி ஆம்பியர் வரைதான் தர வேண்டும் என்பது வரையறை. எழுதும்போது சில ரைட்டர்களின் தேவை அதைத் தாண்டுகிறது. இரண்டு முனைகள் உள்ள கம்பியை இரண்டு துளைகளிலும் செருகிய பிறகு இது வரவில்லை. எழுத வேண்டிய தரவைத் தற்காலிகமாகத் தேக்கி வைக்கும் பஃபர் வறண்டால் வட்டு வீணாகாமல் காக்கும் வசதி இப்போதைய ரைட்டர்களில் இருக்கிறது என்றாலும், மின்வெட்டுக்கு அது உதவாது. ஆடிக் காற்றில் ரப்பர் மரக்கிளை மின்கம்பியில் விழுந்து மின்சாரம் போவது எங்கள் பக்கத்தில் வழக்கம் என்பதால், மேசைக் கணினியை யூபிஎஸ் இல்லாமல் இவ்வேலைக்கு வைப்பதில்லை.

ஒரு பழைய பதிவு மென்பொருளை நீக்கியபின், மேசைக் கணினியில் டிவிடி டிரைவே காணாமல் போயிற்று. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறியோடு பிழை எண் 39 இருந்தது. நீக்கப்பட்ட மென்பொருள், விண்டோஸின் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் விட்டுச் சென்ற அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் என்னும் இரு பதிவுகளே இதற்குக் காரணம். அவற்றை சிடி டிரைவுக்குரிய பிரிவிலிருந்து மட்டும், முதலில் ரெஜிஸ்ட்ரியின் நகலை எடுத்துக்கொண்டு அழித்து, கணினியை மறுபடி தொடங்கியதும் டிரைவ் திரும்பி வந்தது. பெயரிடும் வேலைக்குத் தாள் ஒட்டிகளை நான் விரும்புவதில்லை; சற்றே ஓரமாக ஒட்டினாலும் சுழலும் வட்டின் சமநிலை கெடும். சிடிக்கென விற்கும் மார்க்கர் பேனாவே போதும்.

மைனி (அண்ணி) தன் காரில் கேட்பதற்காக ஒலியை மட்டும் சிடியாகக் கேட்டிருந்தார். அவர் காரில் இருப்பது எம்பி3 படிக்காத பழைய பிளேயர். ஆகவே 80 நிமிட எல்லைக்குள் ஆடியோ சிடியாகவே பதிய வேண்டியிருந்தது. கதையைப் பல தடங்களாகப் பிரித்தபோது ஒவ்வொரு தடத்துக்கும் இடையே இரண்டு நொடி மௌனம் விழுந்து, குடத்தின் தாளம் நடுவில் அறுந்தது. தடம் தடமாகப் பதிவதை விடுத்து, முழு வட்டையும் ஒரே மூச்சில் பதியும் டிஸ்க்-அட்-ஒன்ஸ் முறையைத் தேர்ந்து இடைவெளியைச் சுழியமாக வைத்ததும் பாட்டு தொடர்ச்சியாக வந்தது. பலமுறை அழித்து எழுதலாமே என்று அவர் கேட்ட சிடி-ஆர்டபிள்யூ வட்டை மட்டும் தவிர்த்தேன். அது சாதாரணப் பதிவு சிடியைவிட மிகக் குறைவாகவே ஒளியைத் திருப்பி அனுப்புவதால், அந்தக் காலத்து கார் பிளேயர்கள் பலவற்றால் அதைப் படிக்க இயலாது.