டோரோ மலையில் அப்பா கேட்ட கேள்வி

போர்த்துகலின் போர்ட்டோ நகரத்தில் ரயில் ஏறியதும், எதிரே இருந்த ஒரு பாட்டி எங்களை எழுப்பி வலப்பக்க ஜன்னலோரம் உட்கார வைத்தார். ஒரு மணி நேரத்துக்கும் மேல் வீடுகளும் மரங்களும்தான். அப்புறம் ஒரு திருப்பத்தில் டோரோ ஆறு வந்தது. பின்யாவ் என்ற ஊருக்குப் போய்ச் சேரும் வரைக்கும் அது தண்டவாளத்தை ஒட்டியே ஓடியது. பாட்டிக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.

இரு கரையிலும் மலை. அடிவாரத்திலிருந்து உச்சி வரை படிப்படியாகக் கல்சுவர் எழுப்பி, ஒவ்வொரு படியிலும் திராட்சைக் கொடி. அப்பா வெகுநேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இத்தனை கல்லையும் யாரும்மா தூக்கி வச்சது?" என்று கேட்டார்.

அப்பா மலேசியாவின் கெடா மாநிலத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடம் போகும் முன் விடியற்காலையில் என் பாட்டியோடு நிரைக்கு, அதாவது ரப்பர் மர வரிசைக்கு, போய்ப் பால் எடுத்தவர். பினாங்குக்கு வந்து நாற்பது வருஷம் ஆகியும், எந்த மலையைப் பார்த்தாலும் அவருக்கு முதலில் வேலைதான் கண்ணில் படும். அவர் கேட்ட பிறகு எனக்கும் அந்தப் பயணம் முழுக்க அந்தக் கேள்வியாகவே ஆகிவிட்டது.

அங்கே மண் என்று பெரிதாக எதுவும் இல்லை. ஷிஸ்ட் என்ற பாறை, சிலேட்டுப் பலகை போல ஏடு ஏடாகப் பிரியும். அதைக் கடப்பாரையால் உடைத்து, பெரிய துண்டுகளைச் சுவராக அடுக்கி, பொடியைப் பின்னால் நிரப்பினால் அதுதான் நிலம். பாறையின் இடுக்குகளில் இறங்கி வேர் ஆழத்துக்குப் போய்த் தண்ணீர் தேடிக்கொள்ளும். மேற்கே நிற்கும் மராவ் மலை, அட்லாண்டிக் கடலின் மழைக்காற்றைத் தடுத்துவிடுகிறது. அதனால் கிழக்கே போகப் போக வறட்சி. 'ஒன்பது மாதம் குளிர்காலம், மூன்று மாதம் நரகம்' என்பது அந்த ஊர்ப் பழமொழி. எல்லைக்கு அப்பால் ஸ்பெயினின் கலீசியாவிலிருந்தும் ஏழைக் கூலிகள் வந்து சுவர் கட்டியிருக்கிறார்கள். 1860-களில் ஃபிலாக்செரா என்ற பூச்சி கொடிகளை வேரோடு அழித்தபோது பல படிகளை அப்படியே கைவிட்டுவிட்டார்கள். புதர் மூடிய அந்தச் சுவர்கள் இன்றும் நிற்கின்றன. 2001-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியமாக அறிவித்தது மனிதர்கள் கட்டிய இந்த மலையைத்தான்.

பின்யாவ் நிலையத்தின் சுவர்களில் நீல ஓட்டுச் சித்திரங்கள் இருக்கின்றன. 1937-இல் பதித்தவை. பெண்கள் குலை பறிக்கிறார்கள், ஆண்கள் முதுகில் கூடை சுமந்து வரிசையாக இறங்குகிறார்கள். அப்பா அந்தக் கூடைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

மறுநாள் ஒரு திராட்சைத் தோட்டத்துக்குப் போனோம். போர்ட் ஒயின் இனிப்பதற்குக் காரணத்தை வழிகாட்டிப் பெண் நன்றாக விளக்கினார். சாறு புளித்துக்கொண்டிருக்கும்போதே திராட்சைச் சாராயத்தை ஊற்றிப் புளிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். மிச்சமாகும் சர்க்கரைதான் அந்த இனிப்பு. 1756-இலேயே இந்தத் தொழிலுக்கு எல்லை வகுக்கத் தொடங்கி, அடுத்த சில வருஷங்களில் கருங்கல் நட்டிருக்கிறார்கள். எவ்வளவு சாறு போர்ட் ஆகலாம் என்பதை இன்றும் வருஷா வருஷம் நிர்ணயிக்கிறார்கள். அந்த அளவுக்குள் வராத திராட்சைக்கு விலை குறைவு. நிலக்காரர்களில் பெரும்பாலோர் சிறு விவசாயிகள், அவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. அப்பா அரை வாய் சுவைத்துவிட்டுக் கிளாஸை வைத்துவிட்டார்.

அவரை நிமிர வைத்தது வேறொரு வார்த்தை. அந்தக் காலத்தில் அறுவடைக்கு மேட்டு நில கிராமங்களிலிருந்து கூட்டம் கூட்டமாக ஆட்கள் இறங்கி வருவார்களாம். அந்தக் கூட்டத்துக்கு ரோகா என்று பெயர். ஊர் ஊராகப் போய் ஆள் பிடித்து, கூட்டி வந்து, வேலை வாங்குபவர் ரோகதோர். நான் தமிழில் சொல்லி முடிக்கும் முன்பே அப்பா, "கங்காணி!" என்றார்.

இப்போது அந்தக் கிராமங்களில் இளைஞர்கள் குறைவு. போர்ட்டோவுக்கும் பிரான்சுக்கும் போய்விட்டார்கள். முன்பு பீப்பாய் ஏற்றிய ரபேலோ படகுகளில் இன்று எங்களைப் போன்றவர்கள் சுற்றுகிறோம். அதைவிடப் பெரிய கப்பல்களில் வருகிறவர்கள் கப்பலிலேயே சாப்பிட்டுத் தூங்கிவிடுகிறார்கள். போகிறவர்கள் கரையில் இரண்டு இரவாவது தங்குங்கள், சின்னக் கடைகளில் சாப்பிடுங்கள். காசு அந்த மலையில் கொஞ்சமாவது நிற்கட்டும்.

நாங்கள் போனது செப்டம்பர், அறுவடை நேரம். மேல் படியில் குலை வெட்டிக்கொண்டிருந்தவர்களில் சிலர் நேபாள இளைஞர்கள். மலேசியா என்று சொன்னதும் ஒருவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தார். எங்கள் பினாங்கின் பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையில் ஐந்து வருஷம் வேலை செய்தவராம்.

"சுடா மாக்கான், பாக்சிக்?" என்றார்.

போர்த்துகல் மலையில் அந்த மலாய்க் குரலைக் கேட்டதும் அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. சாப்பிட்டாச்சு என்று சொல்லி அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். பிறகு மலாயிலேயே விசாரிக்க ஆரம்பித்தார். சம்பளம் நாளுக்கா, கூடைக்கா? தங்குகிற அறையில் எத்தனை பேர்? உன்னை இங்கே கூட்டி வந்தது யார், அவருக்கு எவ்வளவு கொடுத்தாய்?

அந்தத் தம்பி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். கடைசிக் கேள்விக்கு மட்டும், மேலே நின்றுகொண்டிருந்த மேற்பார்வையாளரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.