செம்பு ஒன்பதா, செம்பொன் பத்தா: ஒரு கம்பைலர் அரியர்

ரிசல்ட் வந்த அன்று நான் மாங்காய் மண்டியில் கிரேட் (காய் அடுக்கும் பெட்டி) எண்ணிக்கொண்டிருந்தேன். காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் ஊர். அப்பா தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்துக் காய் பறித்துப் போடுபவர். கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு செமஸ்டர் தேர்வும் மாங்காய் சீசனும் ஒன்றாகத்தான் வரும். ரிசல்ட் வருகிற நேரம் பெங்களூரா காய் லோடு லோடாகக் கூழ் ஆலைக்குப் போய்க்கொண்டிருக்கும்.

போனில் பக்கம் திறக்கவே பத்து நிமிடம் ஆனது. எல்லாம் பாஸ். புரோகிராமை மெஷின் மொழிக்கு மாற்றும் கம்பைலர் பற்றிய 'கம்பைலர் டிசைன்' பேப்பருக்கு நேராக மட்டும் 'ஆர்.ஏ.' என்று இருந்தது. அப்பா எட்டிப் பார்த்தார்.

"ஆர்.ஏ.ன்னா ஏ கிரேடு மாதிரியா?"

"இல்லப்பா. மறுபடி எழுதணும்."

"சரி, அந்தக் கிரேட்டை எண்ணி முடி."

அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

எப்படிப் போனது என்பது எனக்குத் தெரியும். அண்ணா பல்கலைக்கழக முறையில் 2 மதிப்பெண் கேள்வி பத்து, 13 மதிப்பெண் கேள்வி ஐந்து, 15 மதிப்பெண் கேள்வி ஒன்று. ஐந்து யூனிட்டில் இரண்டைப் போட்டு உருட்டினால் கரை சேரலாம் என்பது ஹாஸ்டல் கணக்கு. நானும், புரோகிராமைச் சொல் சொல்லாகப் பிரிக்கும் லெக்ஸிகல் அனலைசரும், அந்தச் சொற்கள் இலக்கண விதிப்படி சேர்கின்றனவா என்று பார்க்க உதவும் எல்.ஆர். பார்ஸிங் டேபிளும் மட்டும் படித்தேன். டேபிளை எப்படிப் போடுவது என்று மனப்பாடம். எதற்குப் போடுகிறோம் என்று யாராவது கேட்டிருந்தால் விழித்திருப்பேன். டேபிள் போட எழுதும் எல்.ஆர். ஐட்டங்களில் ஒரு புள்ளி இருக்கும், அது இலக்கண விதியின் எந்த இடம் வரை படித்தாகிவிட்டது என்று காட்டுவது. ஏதோ ஒரு நிலையில் அந்தப் புள்ளியை நகர்த்த மறந்துவிட்டேன். அதற்குப் பின் போட்ட எல்லாக் கட்டமும் தப்பு. விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தேன், திருத்தியவர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. எக்ஸ்டர்னல் தேர்வில் 45 வேண்டும், என்னுடையது 36.

வகுப்பையும் சொல்லிவிடுகிறேன், கல்லூரிப் பெயர் வேண்டாம். ஸ்லைடை வாசித்தார்கள், நாங்கள் எழுதினோம். லேபில் சீனியர் ரெக்கார்டைப் பார்த்து டைப் அடித்தோம். 'ஒய்ஒய்ராப்' என்ற ஃபங்ஷனை, அதாவது ஒரு தனி வேலையைச் செய்யும் புரோகிராம் துண்டைக் காணோம் என்று, துண்டுகளை இணைக்கும் லிங்கர் கத்தும், யாரோ வந்து கம்பைல் செய்யும் கட்டளையின் கடைசியில் எதையோ சேர்ப்பார்கள், ஓடும், கையெழுத்து வாங்குவோம். எதைச் சேர்த்தார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை.

திருப்பம் டவுன் பஸ்ஸில் வந்தது. பள்ளியில் எனக்குத் தமிழ் எடுத்த ஐயா பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். என்னப்பா படிப்பு எப்படி என்றார். மறைக்கத் தோன்றவில்லை, ஒரு பேப்பர் போய்விட்டது என்றேன்.

"என்ன பேப்பர்?"

"கம்பைலர்னு ஒண்ணுங்க ஐயா. நாம எழுதுற புரோகிராமை மெஷின் மொழிக்கு மாத்துற புரோகிராம். முதல் வேலையா எழுத்து எழுத்தாப் படிச்சு, சொல் சொல்லாப் பிரிக்கும்."

"பிரிக்கிறதுல என்னப்பா சிரமம்? இடைவெளி இருக்கே."

"எல்லா இடத்துலயும் இருக்காதுங்க ஐயா."

அவர் சிரித்தார். "அப்ப அது நம்ம புணர்ச்சிதான். செம்பொன்பதின்றொடி, பிரி பார்க்கலாம்."

எனக்குத் தெரியவில்லை. அவரே சொன்னார். செம்பு, ஒன்பதின், தொடி என்று பிரித்தால் ஒன்பது தொடி எடையுள்ள செம்பு. செம்பொன், பதின், தொடி என்று பிரித்தால் பத்து தொடி எடையுள்ள பொன். எழுத்து ஒன்றுதான். எங்கே நிறுத்தி ஓசை கொடுக்கிறாய் என்பதில்தான் செம்பா பொன்னா என்பதே இருக்கிறது. தொல்காப்பிய உரையில் வருகிற உதாரணம் இது என்றார். பிளஸ் டூவில் நடத்தினாராம். நான் அன்று வரவில்லையோ, வந்தும் தூங்கினேனோ.

அன்று இரவு, நூலகத்திலிருந்து எடுத்து வந்து மூன்று மாதமாகத் திறக்காத 'டிராகன் புத்தகம்' என்கிற கம்பைலர் பாடப்புத்தகத்தைத் திறந்தேன். ஏஹோ, சேத்தி, உல்மன் மூவரும் எழுதிய 1986 பதிப்பு, அட்டையில் டிராகனோடு ஒரு வீரன் சண்டை போடுவான். அதில் ஃபோர்ட்ரான் என்ற கணினி மொழியிலிருந்து உதாரணம் ஒன்று உண்டு. பழைய ஃபோர்ட்ரானில் இடைவெளிக்கு மதிப்பே கிடையாது. 'டூ 5 ஐ = 1,25' என்று எழுதினால் அது திரும்பத் திரும்ப ஓடும் ஒரு லூப், ஐ என்பது 1 முதல் 25 வரை ஓடும். காற்புள்ளிக்குப் பதில் புள்ளி வைத்து 'டூ 5 ஐ = 1.25' என்று எழுதினால், 'டூ5ஐ' என்ற பெயருள்ள மாறிக்கு 1.25 என்ற மதிப்பு. அந்தப் புள்ளியையோ காற்புள்ளியையோ பார்க்கும் வரை 'டூ' என்பது தனிச்சொல்லா, பெயரின் பாதியா என்று கம்பைலருக்குத் தெரியாது. 'லுக்அஹெட்' என்று 2 மதிப்பெண்ணுக்கு நான் மனப்பாடம் செய்திருந்தது இதைத்தான். ஐயாவின் செம்பொன் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் அது தலையில் ஏறியது.

1957-இல் ஐ.பி.எம்.மில் ஜான் பேக்கஸ் குழு வெளியிட்ட முதல் ஃபோர்ட்ரான் கம்பைலருக்கு 18 ஆள்-ஆண்டு உழைப்பு தேவைப்பட்டது என்றும் அதே புத்தகத்தில் இருக்கிறது. ஒரே ஆள் செய்தால் பதினெட்டு வருடம். நான் ஹாஸ்டல் மெஸ் க்யூவில் நின்றுகொண்டே முடிக்கப் பார்த்தேன்.

அப்புறம் ஒரு முடிவு எடுத்தேன். நோட்ஸ் படிப்பதை நிறுத்திவிட்டு, ஒரு சின்ன கால்குலேட்டரை சி மொழியில் கையால் எழுதுவது. விதியைக் கொடுத்தால் புரோகிராமை எழுதித் தரும் லெக்ஸ், யாக் கருவிகள் எதுவும் வேண்டாம். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், அடைப்புக்குறி, அவ்வளவுதான். புத்தகத்து விதிகளில் வரும் ஆங்கில ஒற்றை எழுத்துகளைப் பார்த்தாலே எனக்குத் தூக்கம் வந்தது, அதனால் இலக்கண விதியை நோட்டில் தமிழிலேயே எழுதினேன்:

கோவை → கோவை + உறுப்பு
கோவை → உறுப்பு

கோவை என்பது முழுக் கணக்கு, உறுப்பு அதன் ஒரு துண்டு. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு ஃபங்ஷன். 'கோவை' ஃபங்ஷன் என்ன செய்ய வேண்டும்? விதிப்படி முதலில் 'கோவை'யைக் கூப்பிட வேண்டும். அது போய் முதலில் 'கோவை'யைக் கூப்பிடும். உள்ளீட்டில் ஒரு எழுத்தைக்கூட யாரும் தொடவில்லை. ஓட்டினேன், 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்ற நினைவகப் பிழையோடு நின்றது. இரண்டு மணி நேரம், நினைவக முகவரியைக் காட்டும் பாயின்டரில் தப்பு என்று தேடினேன். தப்பு பாயின்டரில் இல்லை, விதியிலேயே இருந்தது. விதி இப்படித் தன்னையே முதலில் கூப்பிடுவதுதான் லெஃப்ட் ரிகர்ஷன். 'லெஃப்ட் ரிகர்ஷனை நீக்குக' என்று பத்து முறை பயிற்சிக் கணக்கு போட்டிருக்கிறேன். நீக்காவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டதே இல்லை. கூப்பிட்ட ஃபங்ஷன்களைக் குறித்து வைக்கும் ஸ்டாக் நிரம்பிச் செத்துப்போகும், அதுதான் ஆகும்.

நீக்கிய பிறகு விதி இப்படி ஆனது: கோவை → உறுப்பு மீதி. மீதி → + உறுப்பு மீதி, அல்லது ஒன்றுமில்லை. ஓடியது! 2 + 3 * 4 என்று கொடுத்தால் 14 வந்தது. அறையில் இருந்தவர்களை எழுப்பிக் காட்டினேன், திட்டு வாங்கினேன். கழித்தலையும் அதே மாதிரி சேர்த்தேன். 10 - 4 - 3 என்று கொடுத்தேன். 9 என்றது.

பத்து கிரேட் வந்தது, நாலு போனது, மூணு போனது என்றால் மண்டியில் யாரும் ஒன்பது என்று சொல்ல மாட்டார்கள். என் புரோகிராம் வலப்பக்கத்திலிருந்து கூட்டிக்கொண்டு வந்திருக்கிறது: 4-இல் 3 போக 1, பத்தில் 1 போக 9. விதியைத் திருப்பிப் போட்டதில், கணக்கின் திசையும் திரும்பிவிட்டது.

இதற்கு வழி தேடி ஒரு நாள் முழுக்கப் போனது. கடைசியில் செய்தது ரொம்பச் சின்ன விஷயம். 'மீதி' ஃபங்ஷனைக் கூப்பிடும்போது இதுவரை வந்த கணக்கையும் அதன் கையில் கொடுத்து அனுப்புவது. பத்தைக் கொடு, அது நாலைக் கழித்து ஆறை அடுத்த 'மீதி'யிடம் கொடுக்கும், அது மூன்றைக் கழிக்கும். விடை 3. இதைச் செய்து முடித்து, புத்தகத்தில் மூன்றாவது யூனிட்டைப் புரட்டினால், நான் செய்ததற்கு அங்கே பெயரே இருக்கிறது: இன்ஹெரிட்டட் ஆட்ரிப்யூட். அதன் வரையறையை அட்சரம் பிசகாமல் தேர்வில் எழுதி 2 மதிப்பெண் வாங்கியவன் நான்தான்!

என் கருத்தில் இந்தப் பாடத்தை நடத்தும் வரிசையே தலைகீழ். பார்ஸிங் டேபிள் என்பது எழுதிய புரோகிராமின் நிழல். நாம் நிழலை முதலில் வரையச் சொல்கிறோம். அதிலும் எல்.ஆர். டேபிளை நிஜத்தில் யாரும் கையால் போடுவதில்லை, அதற்குத்தான் 1970-களிலேயே யாக் வந்துவிட்டது. லெஃப்ட் ரிகர்ஷன் இருந்தாலும் எல்.ஆர். முறைக்குக் கவலை இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. அது கீழிருந்து மேலே கட்டிக்கொண்டு போகிறது, என் ஃபங்ஷன் மாதிரி மேலிருந்து குதிப்பதில்லை.

எந்த விதியைத் தேர்வது என்று முடிவு செய்ய உதவும் ஃபர்ஸ்ட், ஃபாலோ இரண்டும் கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் புரிந்தன. போர்டின் முதல் சொல்லைப் பார்த்து ஏறலாமா என்று முடிவு செய்தால் அது ஃபர்ஸ்ட். இரண்டு பஸ்ஸிலும் 'ஓசூர்' என்றே போட்டிருந்தால் முதல் சொல் போதாது, ஒன்று சூளகிரி வழி, இன்னொன்று ராயக்கோட்டை வழி. ஓசூரைப் பொதுவாக வெளியே எடுத்துவிட்டு 'வழி'யைப் பார்த்து முடிவு செய் என்பதுதான் லெஃப்ட் ஃபேக்டரிங். ஃபாலோ கொஞ்சம் வேறு. 'மீதி' ஒன்றுமில்லாமலும் போகலாம் அல்லவா, எப்போது நிறுத்துவது? அடுத்து வருவது மூடும் அடைப்புக்குறி என்றால் இறங்கிவிடு. இறங்க வேண்டிய நிறுத்தத்துக்கு அடையாளம் அது.

மற்ற யூனிட்டுகளை வேகமாகச் சொல்கிறேன், எனக்கும் வேகமாகத்தான் போயின. நாம் எழுதும் மொழிக்கும் மெஷின் மொழிக்கும் நடுவில் வரும் இன்டர்மீடியட் கோட் மண்டியிலேயே இருந்தது: பெங்களூர் வியாபாரி கன்னடம், சித்தூர்க்காரர் தெலுங்கு, இருவரும் பேரம் பேசுவது உடைந்த தமிழில். ஒவ்வொரு மொழிக்கும் ஒவ்வொரு மொழிக்குமாகத் தனித்தனி மொழிபெயர்ப்பாளர் வைத்தால் கட்டுப்படியாகாது. ரன்டைம் பகுதியில், ஒவ்வொரு ஃபங்ஷனைக் கூப்பிடும்போதும் ஸ்டாக்கில் ஒதுக்கும் ஆக்டிவேஷன் ரெக்கார்டை, என் செக்மென்டேஷன் ஃபால்ட் ஏற்கெனவே சொல்லிக் கொடுத்திருந்தது. புரோகிராமை வேகமாக்கும் ஆப்டிமைசேஷனுக்கு ஜிசிசி என்ற கம்பைலர் போதும். 1 முதல் 100 வரை கூட்டும் லூப் ஒன்றை எழுதி, ஆப்டிமைஸ் செய்யச் சொல்லும் ஓ2 கொடுத்து, மெஷின் மொழிக்கு நெருக்கமான அசெம்பிளியைப் பார்த்தேன். லூப்பே இல்லை, 5050 என்ற எண் மட்டும் உட்கார்ந்திருந்தது. கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது.

நவம்பரில் ஏழாவது செமஸ்டர் பேப்பர்களோடு அரியரும் எழுதினேன். ஒரே தொடரை இரண்டு விதமாகப் பிரிக்க முடிகிற ஆம்பிகுவிட்டி பற்றி ஒரு கேள்வி இருந்தது. வழக்கமான உதாரணத்தோடு 'பழைய மாம்பழக் கூடை' என்று எழுதி இரண்டு பார்ஸ் மரம் வரைந்தேன். பழையது பழமா, கூடையா? திருத்தியவர் சிரித்தாரா, கோபப்பட்டாரா, தெரியாது. எல்.ஆர். டேபிளும் வந்தது. ஒவ்வொரு நிலையிலும் புள்ளியை விரலால் தொட்டுப் பார்த்து நகர்த்தினேன். 64 வந்தது.

அடுத்த சீசனில் கால்குலேட்டரை போனில் ஏற்றி அப்பாவிடம் கொடுத்தேன். 40 - 3 - 2 என்று போட்டார், 35 வந்தது. தலையாட்டினார். பிறகு தன் துண்டுச்சீட்டைப் பார்த்து ஒரு தொகையை அப்படியே அடித்தார்: 1200/-

பிழை என்றது. பிழைதானே, 1200-ஐ எதாலோ வகுக்கச் சொல்லி, ஒரு கழித்தல் குறியும் போட்டு, பாதியில் விட்டுவிட்டார் என்றுதான் என் பார்ஸர் நினைக்கும். "ரூபாய்னா அப்படித்தாண்டா எழுதுவாங்க" என்றார் அப்பா. கிரேட் மேலேயே உட்கார்ந்து, சொல் பிரிக்கும் பகுதியான லெக்ஸரைத் திறந்தேன். வகுத்தல் குறிக்கான விதிக்கு முன்னால், '/-' இரண்டும் சேர்ந்து வந்தால் அது ஒரே சொல், பொருள் ஒன்றுமில்லை, தாண்டிப் போ என்று ஒரு வரி சேர்த்தேன். அதற்குள் அடுத்த லோடு வந்துவிட்டது.