அல்சருக்கு ஆன்டிபயாட்டிக் எடுத்துக்கொண்ட அனுபவம்

வெறும் வயிற்றில் வலியும் சாப்பிட்டபின் எரிச்சலுமாக இருந்த எனக்கு, காரத்தைக் குறை, காபியை விடு, நேரத்துக்குச் சாப்பிடு என்ற அறிவுரைகள் எல்லாத் திசைகளிலிருந்தும் கிடைத்தன. அவற்றில் எதுவும் பலனளிக்காத நிலையில், மருத்துவர் எண்டோஸ்கோப்பி செய்துவிடலாம் என்றார். அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பிருந்தே அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை நிறுத்தச் சொன்னார். அல்சரை உண்டாக்கும் கிருமி ஒன்று இரைப்பையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அந்த மாத்திரை கிருமியை அடக்கி வைத்திருக்கும், ஆனால் ஒழிக்காது, அதனால் சோதனை பொய்யான முடிவைத் தந்துவிடும் என்பது அவர் சொன்ன காரணம்.

தொண்டையை மரத்துப்போகச் செய்து குழாயை இறக்கியது சில நிமிட வேலைதான். இரைப்பையிலிருந்து கிள்ளி எடுத்த கடுகளவுச் சதையை மஞ்சள் நிறக் கூழ் ஒன்றில் பதித்தார்கள். நான் எழுந்து உட்கார்ந்து வாயைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே அந்த மஞ்சள் இளஞ்சிவப்பாக மாறிவிட்டது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் பாக்டீரியா, யூரியாவைச் சிதைத்து அமோனியாவை உண்டாக்குகிறது. அந்த அமோனியாதான் கூழின் நிறத்தை மாற்றுகிறது. இரைப்பை அமிலத்தில் மடியாமல் அது பிழைத்துக்கொள்வதும் இதே அமோனியாவைக் கொண்டுதான். மன உளைச்சலே அல்சருக்குக் காரணம் என்று மருத்துவ உலகமே நம்பியிருந்த காலத்தில், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரைச் சேர்ந்த மருத்துவர் பாரி மார்ஷல் 1984இல் இந்தக் கிருமியைத் தாமே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். அவருக்கும், அவரோடு சேர்ந்து இந்தக் கிருமியைக் கண்டறிந்த ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது.

எனக்கு எழுதித் தந்தவை டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல் என்ற இரண்டு ஆன்டிபயாட்டிக்குகள், பிஸ்மத், அமிலக் குறைப்பு மாத்திரை ஆகிய நான்கும், 14 நாட்களுக்கு. நாள் முழுவதும் வாயில் இரும்பை நக்கியதுபோன்ற சுவை. பிஸ்மத்தால் நாக்கும் மலமும் கறுத்துவிடும் என்று முன்கூட்டியே சொல்லியிருக்காவிட்டால், இரத்தக் கசிவு என்று பயந்து ஓடியிருப்பேன்.

உண்மையான சிக்கல் தயிரில் வந்தது. ஆன்டிபயாட்டிக்குக்குத் தீய கிருமி எது, குடலில் இருந்துகொண்டு செரிமானத்துக்கு உதவி வைட்டமின் கே போன்றவற்றைத் தயாரித்துத் தரும் கிருமி எது என்ற பேதமெல்லாம் தெரியாது. (மடிநோய்க்கு மருந்து போட்ட மாட்டின் பாலில் உறை சரியாகப் பிடிக்காமல் போவதும் இதனால்தான், அந்த மருந்து பாலில் இறங்கி, உறைமோரின் பாக்டீரியாக்களை வளரவிடாமல் செய்துவிடுகிறது.) முதல் வாரம் முடிவதற்குள் வயிறு இளகத் தொடங்கியது. வீட்டில் எல்லோரும் தயிர்சாதத்தை நீட்டினார்கள். ஆனால் பாலிலும் தயிரிலும் உள்ள கால்சியம் டெட்ராசைக்ளினைப் பற்றிக்கொண்டு உடலில் சேரவிடாது என்பதால், மாத்திரையை ஒட்டி அவற்றைத் தொடக்கூடாது. நாளுக்கு நான்கு வேளை மாத்திரை என்னும்போது இடைவெளி எங்கே கிடைக்கும்? முற்பகலில் ஒரு டம்ளர், மாலையில் ஒரு டம்ளர் என்று மோரை இடையில் புகுத்திக்கொண்டேன்.

மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டபோது, பாதியில் நிறுத்தினால் எஞ்சிய கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாகிவிடக்கூடும், காய்ச்சலோ மலத்தில் இரத்தமோ இருந்தால் மட்டும் உடனே வாருங்கள் என்றார். கூடவே சாக்கரோமைசிஸ் பொடியையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். அது ஈஸ்ட் வகை; பாக்டீரியா அல்லாததால் ஆன்டிபயாட்டிக் அதை ஒன்றும் செய்யாது. எனக்கு அது நன்றாகவே உதவியது.

மருந்து முடிந்த கையோடு சோதித்துப் பார்ப்பதில் பயனில்லை. குறைந்தது நான்கு வாரங்கள் காத்திருக்க வேண்டும், அமிலக் குறைப்பு மாத்திரையையும் மறுபடி இரண்டு வாரங்கள் நிறுத்தியிருக்க வேண்டும். பின்னர் மூச்சுச் சோதனைக்காக, யூரியா கலந்த நீரைக் குடிப்பதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு பையில் ஊதிக் கொடுத்தேன். கிருமி இல்லை என்று முடிவு வந்தது. ஆய்வகத்தில் விலை குறைந்த இரத்தப் பரிசோதனையையே முதலில் காட்டினார்கள். கிருமி ஒழிந்த பிறகும், அதை எதிர்த்து உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருள்கள் இரத்தத்தில் நெடுநாள் தங்கியிருக்கும் என்பதால், குணமானதா என்று பார்ப்பதற்கு அது உதவாது.