ஆசிரியர் பட்டியல்: சில நாட்குறிப்புகள்

ஜூன் 3, திங்கள்

பிரின்சிபல் இன்று கூப்பிட்டு ஒரு வேலை கொடுத்தார். கல்லூரியின் இந்த ஆண்டுக் கையேட்டில் எல்லாத் துறைகளின் ஆசிரியர் பட்டியலையும் புதிதாகப் போட வேண்டுமாம். பதினான்கு துறைகள். படிவத்தில் நான்கு கட்டங்கள்: பெயர், படிப்பு, பதவி, பணியில் சேர்ந்த நாள். "கணக்கு டிபார்ட்மெண்ட் ஆச்சே நீங்க, தப்பு வராது" என்றார். வெள்ளிக்கிழமைக்குள் முடித்துவிடலாம் என்று ஒப்புக்கொண்டேன்.

ஜூன் 5, புதன்

பணிமூப்பு வரிசை இவ்வளவு நுட்பமான விஷயம் என்று இதுவரை எனக்குத் தெரியாது. வேதியியலில் இரண்டு பேர் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். ஒருவர் முற்பகலில் கையெழுத்துப் போட்டவர், மற்றவர் பிற்பகலில். யார் பெயர் மேலே வர வேண்டும் என்பதை அந்த அரை நாள்தான் தீர்மானிக்கிறது. ஆபீசிலிருந்து பழைய வருகைப் பதிவேட்டை எடுத்து வரச் சொல்லிக் காட்டினார்கள். இருபது வருஷமாக இருவரும் ஒரே மேஜையைப் பகிர்ந்துகொள்கிறார்கள். முற்பகல்காரர் முதல் ஆண்டுப் பிள்ளைகளுக்கு டைட்ரேஷன் சொல்லித்தருவதைக் கேட்டிருக்கிறேன். சொட்டு விழும் வேகத்தைக் கையாலேயே காட்டுவார். அதைச் சொல்ல படிவத்தில் எந்தக் கட்டமும் இல்லை.

தமிழ், ஆங்கிலம், பொருளியல், வணிகவியல் முடிந்தது.

ஜூன் 7, வெள்ளி

கணினி அறிவியல் துறையில் எட்டு ஆசிரியைகள். துறைத்தலைவர் தந்த தாளில் மூன்று பெயர்கள்தான் இருந்தன. மீதி ஐந்து பேர் மணிக்கணக்கில் சம்பளம் வாங்கும் கெஸ்ட் லெக்சரர்கள். டைம்டேபிளை விரித்துப் பார்த்தேன். வாரத்துக்கு எத்தனை பீரியட் என்று கூட்டினால் பாதிக்கு மேல் அந்த ஐந்து பேருடையது. லேப் ரெக்கார்டு திருத்துவதும் அவர்கள்தான். செய்முறைத் தேர்வுக்கு முந்தின நாள் இருட்டும் வரை இருந்து கம்ப்யூட்டர்களைச் சரிபார்ப்பதும் அவர்கள்தான்.

தரவுக் கட்டமைப்பு நடத்தும் அந்த இளம் ஆசிரியை நான் எழுதுவதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆறு வருஷமாக இங்கே இருக்கிறாள். "எங்க பேரும் வருமா மேடம்?" என்று மெதுவாகக் கேட்டாள். படிவத்தில் 'பணியில் சேர்ந்த நாள்' என்று ஒரு கட்டம். அவளுக்கு ஒவ்வொரு ஜூனும் பணியில் சேரும் நாள், ஒவ்வொரு ஏப்ரலும் நிற்கும் நாள். கேட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அந்தப் பதில் எனக்கே போதவில்லை.

ஜூன் 8, சனி

தூக்கம் வரவில்லை. மூன்றாம் ஆண்டு இயற்கணித வகுப்புக்காகக் குறிப்பு எழுத உட்கார்ந்தேன். வளையங்கள் என்ற இயற்கணிதப் பாடம். அந்தப் பாடத்தை எடுத்தாலே ஜெர்மானியக் கணித அறிஞர் எமி நோதர் வந்துவிடுவார்.

1907இல் முனைவர் பட்டம் வாங்கியவர். அடுத்த ஏழெட்டு வருஷம் ஜெர்மனியின் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் சம்பளமே இல்லாமல் வேலை பார்த்தார். 1915இல் கணிதப் பேராசிரியர்கள் ஹில்பர்ட்டும் கிளைனும் அவரைக் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்கு அழைத்தார்கள். ஒரு பெண் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் ஆவதை அங்கே மற்றத் துறைகள் எதிர்த்தன. அதனால் 1916-17 குளிர்காலப் பருவத்தின் வகுப்பு அறிவிப்பில் ஹில்பர்ட் பெயரைப் போட்டு, 'உதவி: டாக்டர் எ. நோதர்' என்று சேர்த்தார்கள். பாடம் நடத்தியது நோதர். தன் பெயரிலேயே விரிவுரை நடத்தும் உரிமை 1919இல்தான் கிடைத்தது. 1933இல் நாஜி அரசு அவரை வேலையிலிருந்து நீக்கியது. அப்போது இடம் கொடுத்தது அமெரிக்காவில் உள்ள ஒரு பெண்கள் கல்லூரி, பிரின் மார். அங்கே கணிதத் துறைத்தலைவராக இருந்த அன்னா பெல் வீலர் அவரை வரவேற்றார். ஒன்றரை ஆண்டுதான். 1935 ஏப்ரலில் நோதர் இறந்துபோனார்.

வகுப்பில் இதை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். பிள்ளைகள் அந்த அறிவிப்பைக் கேட்டு ஒவ்வொரு வருஷமும் கோபப்படுவார்கள். இந்தப் பட்டியலை இப்படியே அச்சுக்கு அனுப்பிவிட்டு அடுத்த மாதம் அதே கதையை எந்த முகத்தோடு சொல்வேன்?

ஜூன் 11, செவ்வாய்

பிரின்சிபலிடம் கேட்டேன். "அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் மட்டும்தான்" என்றார். அவர் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. கையேடு ஒரு வருஷம் கையில் இருக்கும். நடுவில் ஒருவர் போய்விட்டால் பட்டியல் பொய்யாகிவிடும். அச்சில் பெயர் வந்ததைக் காட்டி நிரந்தர வேலை கேட்டால் நிர்வாகம் என்ன பதில் சொல்லும்? பொறுமையாகத்தான் விளக்கினார். எனக்குத்தான் வெளியே வந்து வராந்தாவில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டியிருந்தது.

ஜூன் 13, வியாழன்

இயற்பியல், வரலாறு, மனையியல். மனையியலில் இப்போது இரண்டே பேர்.

ஜூன் 14, வெள்ளி

தாவரவியல் துறைக்குப் போனேன். பட்டியல் வாங்கப் போனவள் இரண்டு மணி நேரம் அங்கேயே இருந்துவிட்டேன்.

ஹெர்பேரியம் அலமாரியைத் துறைத்தலைவர் திறந்து காட்டினார். உலர்த்தி ஒட்டிய செடிகள், ஒவ்வொரு தாளிலும் வலது கீழ் மூலையில் ஒரு சீட்டு. செடியின் பெயர், குடும்பம், எங்கே கிடைத்தது, எந்த நாள், சேகரித்தவர் யார். "கடைசி வரி இல்லேன்னா இது வெறும் சருகு. ஆராய்ச்சிக்கு யாரும் எடுக்க மாட்டாங்க" என்றார். பல தாள்களில் ஒரே கையெழுத்து. இங்கே டெமான்ஸ்ட்ரேட்டராக இரண்டு வருஷம் மட்டும் இருந்துவிட்டுப் போன ஒரு பெண்மணியாம். எந்தக் கையேட்டிலும் அவர் பெயர் இருந்திருக்காது. சீட்டில் இருக்கிறது. பிள்ளைகள் இன்றைக்கும் அந்தத் தாள்களைப் பார்த்துத்தான் படம் வரைகிறார்கள்.

பேச்சு தாவரவியல் அறிஞர் ஜானகி அம்மாள் பக்கம் திரும்பியது. தாவரவியல்காரர்களோடு உட்கார்ந்தால் திரும்பாமல் இருக்காது. சென்னை ராணி மேரி கல்லூரியில் படித்தவர். அந்தக் கல்லூரி தொடங்கியது 1914இல். பிறகு மகளிர் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியை. அங்கிருந்துதான் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1925இல் முதுகலை, 1931இல் டாக்டர் பட்டம். திரும்பி வந்து கோயம்புத்தூரில் கரும்பு இனக்கலப்பில் அவர் செய்த வேலை ஊரறிந்தது. "அவங்களும் ஒரு காலத்துல நம்மள மாதிரி சாக்பீஸ் பிடிச்சவங்கதானே" என்றார் துறைத்தலைவர். அந்தச் சில வருஷங்களில் அவரிடம் படித்த பெண்கள் யார் யாரோ. அவர்களுக்கு அவர் பாடம் எடுத்த ஆசிரியை, அவ்வளவுதான். எந்தப் பதவியில் இருந்தார் என்று யார் கேட்டிருப்பார்கள்?

ஜூன் 18, செவ்வாய்

ஒரு ஹெர்பேரியம் தாளைக் கேட்டு வாங்கி, அட்டைக்குள் பத்திரமாக வைத்து, பிரின்சிபல் அறைக்கு எடுத்துப் போனேன். சீட்டைப் படிக்கச் சொன்னேன். பிறகு என் யோசனையைச் சொன்னேன்: பட்டியலைப் பதவி வரிசையில் போடாமல் பாட வரிசையில் போடலாம். இந்தப் பருவத்தில் இந்தப் பாடத்தை நடத்துபவர் இவர், அவ்வளவுதான். பதவி பற்றி எந்த உறுதியும் அதில் இல்லை. பருவத்தின் பெயரைத் தலைப்பிலேயே போட்டுவிட்டால் நடுவில் ஒருவர் போனாலும் அது பொய்யாகாது. பணிமூப்புப் பட்டியல் ஆபீஸ் கோப்பில் அதன் வரிசையில் இருக்கட்டும். சேரப்போகும் ஒரு பெண்ணுக்கு வேண்டியது தனக்கு யார் பாடம் எடுப்பார் என்பதுதான், பிற்பகலில் சேர்ந்தாரா முற்பகலிலா என்பது இல்லை.

தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் விலங்கியல். "எங்க மியூசியத்துலயும் ஜாடிக்கு ஜாடி இப்படித்தான் ஒட்டியிருக்கும்" என்றார். நிர்வாகத்திடம் பேசுகிறேன் என்றார்.

ஜூன் 21, வெள்ளி

ஒப்புக்கொண்டார்கள்! ஒரு நிபந்தனையோடு. கெஸ்ட் லெக்சரர்களின் படிப்பும் படமும் போடக் கூடாது, பெயரும் பாடமும் மட்டும். படம் இல்லாதது எனக்கு வருத்தம்தான். நிரந்தர ஆசிரியர்களின் படத்தையும் எடுத்துவிடலாமே என்று கேட்டேன். யோசித்துவிட்டுச் சரி என்றார் பிரின்சிபல். இப்போது யாருக்கும் படம் இல்லை.

வேலை மும்மடங்காகிவிட்டது. பதினான்கு துறைகளுக்கும் திரும்ப நடை. வேதியியல் இருவரிடமும் இனி வரிசையே கிடையாது என்று சொன்னபோது பிற்பகல்காரர்தான் முதலில் சிரித்தார்.

ஜூன் 26, புதன்

ப்ரூஃப் வந்தது. கணினி அறிவியல் பக்கத்தை ஸ்டாஃப் ரூமில் அந்த இளம் ஆசிரியையிடம் நீட்டினேன். நின்றபடியே படித்தாள். பிறகு உட்கார்ந்து இன்னொரு முறை படித்தாள். என்னிடம் சிவப்புப் பேனா கேட்டாள்.

"தரவுக் கட்டமைப்பு போட்டிருக்கீங்க மேடம். அதோட லேப் விட்டுப்போச்சு. அதுவும் நான்தான்."

ஓரத்தில் அவளே எழுதிக் கொடுத்தாள். நாளைக் காலை அச்சகத்துக்குப் போக வேண்டும்.