தாள மாஸ்டர்

சங்கீத மாஸ்டர் ஊரில் காலமான செய்தி வந்த அன்று பழைய மாணவர் சங்கத்தின் வட்ஸ்அப் குழுவில் கைகூப்பும் படங்கள் வரிசையாக விழுந்தன. அவர் எதைக் கற்பித்தார் என்று ஒருவரும் எழுதவில்லை. சங்க மலரிலாவது அது இருக்கட்டும்.

பரம்பரை நாதஸ்வரக்காரர்; பாடசாலையில் கிடைத்தது தற்காலிக நியமனம். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடம், பின் விறாந்தை. சேர்ந்த உடனே குழலைத் தொட விடமாட்டார். முதல் வருடம் முழுக்கத் தாளம்தான். சலிப்பான வேலை என்று நினைத்தவர்கள் முதல் தவணையிலேயே நின்றுவிட்டார்கள். மேளக்கச்சேரியில் குலைவது பெரும்பாலும் தாளத்தில்தான். தவில்காரர் கோர்வை எனும் கணக்குச் சொற்கட்டை வைக்கும்போது தாளக்காரரின் கை தன்னை அறியாமல் அதன் பின்னே ஓடும். முடிப்பான தீர்மானம், தாளம் தொடங்கும் அடியான சமத்தில் விழாமல் அந்தரத்தில் நிற்கும். “தவிலோட ஓடாதை. எடுப்பைப் பிடிச்சு நில்” என்பார்; எடுப்பு என்றால் பாட்டுத் தொடங்கும் இடம். தவில் மேதை அளவெட்டி தட்சிணாமூர்த்தியின் பேச்சை யாராவது எடுத்தால் மட்டும் அன்றைய பாடம் முடிந்த மாதிரி.

அதன் பிறகு சீவாளி, வாயில் வைத்து ஊதும் பகுதி. நாணல் தட்டையில் செய்து குழல் தலையின் உலோகக் கெண்டையில் செருகும் அந்தச் சின்னப் பொருள்தான் பாதி வித்தை. காய்ந்திருந்தால் கீச்சிடும், அளவுக்கு மிஞ்சி ஊறினால் இதழ்கள் ஒட்டிக்கொண்டு மேல் ஸ்தாயி எழும்பாது. இரண்டு நாதஸ்வரம் சேரும்போது ஒருவருடையது விறைத்தும் மற்றவருடையது இளகியும் இருந்தால் பஞ்சமத்திலேயே சுருதி அலையடிக்கும். குழலின் 12 துளைகளில் விரல் ஆள்வது 7; அடியிலுள்ள 5 துளைகளில் மெழுகு வைத்துச் சுருதியைச் சரிக்கட்டலாம். மாஸ்டருக்கு அது கடைசி வழி. முதலில் சீவாளியை மாற்று என்பார். அதற்கென்றே குழலில் நூல் கட்டி நாலைந்து தொங்கும்.

அவர் ஊதியது பாரி எனும் நீண்ட நாதஸ்வரம். பழைய, குட்டையான திமிரியில் சுத்த மத்திமம் எனும் ‘ம’ சுரத்தை உதட்டாலும் ஊதும் அழுத்தத்தாலும் இழுத்துப் பிடிக்க வேண்டும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்காக நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி குழலை நீட்டித் துளைகளைத் திருத்திய பிறகே அந்தச் சுரம் தானாகப் பேசியது. சாமி புறப்பாட்டில் வாசிக்கும் மல்லாரிக்குரிய கம்பீரநாட்டை ராகத்தில் வருவதும் அதே மத்திமம்தான்.

இனி அந்தப் பரிசளிப்பு விழா. பிரதம விருந்தினரை வரவேற்க மாஸ்டர் மல்லாரி வாசித்தார். வாசலிலிருந்து மண்டபப் படி வரை எவ்வளவு தூரம் என்று உங்களுக்குத் தெரியும். தவிலில் அலாரிப்பு எனும் தொடக்க வாசிப்பு முடிந்து, நாதஸ்வரம் எடுத்து, மூன்று காலமும் (வேகம்) திஸ்ரமும் (மூன்றின் நடை) போய்த் திரும்ப அது போதாது. மல்லாரி, சாமி காவுவோரின் அசைந்த நடைக்கு அமைந்தது; பிரதம விருந்தினரோ கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நடந்தார். முதற்காலம் முடியுமுன்னே மாலையோடு மேடையில் இருந்தார். பொறுப்பாசிரியர் படியில் நின்று நிற்பாட்டச் சொல்லிக் கையை வெட்டினார். மாஸ்டர் தாளச் சுற்றான ஆவர்த்தனத்தின் நடுவில் விடவில்லை. தவிலுக்குக் கண் காட்டி, சின்னதாக ஒரு தீர்மானம் வைத்துச் சமத்தில் முடித்தார். உடனே ஒலிபெருக்கியில், “மேளக்காரர் பின்பக்கம் போகவும்.”

ஆசிரியர் வரிசையில் அவருக்கும் ஒரு கதிரை போட்டிருந்தது. அவர் சீவாளியைக் கழற்றினார், வேட்டித் தலைப்பால் துடைத்தார், டப்பாவில் வைத்தார், பின்பக்கமே போனார். நாங்கள் கைதட்டியது விருந்தினருக்கு. அடுத்த வருடம் மங்கள இசை கசெற்றில் வந்தது. நினைத்த இடத்தில் நிற்பாட்டலாம், வசதி.

தாளம் பிடித்தவர்களில் சிலர் சீவாளி வரை போனோம். பிறகு உயர்தரம், கொழும்பு, விமானம். பொதியில் இடமில்லை என்று குழலை விட்டு வந்ததாகச் சொல்லிக்கொள்கிறோம். அதே பொதியில் மிளகாய்த்தூளுக்கு இடமிருந்தது. இப்போது இலண்டன் தேருக்குக் கலைஞர்களை விசா எடுத்து அழைக்கிறோம். தூறலில் தவில் தோல் தளர்ந்து, வலப்பக்கமான வலந்தலையின் நாதம் இறங்குகிறது. அவர்கள் முடுக்கி முடுக்கி வாசிக்கிறார்கள், நாங்கள் குடைக்குள் நின்று படம் பிடிக்கிறோம்.

அடுத்த ஒன்றுகூடலுக்கு நிர்வாகக் குழுவிடம் ஒரு விண்ணப்பம். இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், ஒரு சுருதிப்பெட்டி, தாளத்துக்கு நம்மில் ஒருவர். பிரதம விருந்தினரை மண்டப வாசலில் இறக்க வேண்டாம்; வாகனத் தரிப்பிடத்தின் கடைக்கோடியிலிருந்து நடக்க விடுங்கள். மெதுவாக.