சோளகக் காற்றில் ஒரு பியானோ

2024 ஓகஸ்ட் 9, வெள்ளி

நாளை மாலை இசைவிழாவில் தனிப் பியானோ நிகழ்ச்சி. கொழும்பிலிருந்து ஏ9 வீதியால் லொறியில் வந்த பியானோவைப் பார்க்கும் ஆவலில், வாய்ப்பாட்டு வகுப்பை முடித்துக்கொண்டு பரந்தனிலிருந்து நேரே கிளிநொச்சி மண்டபத்துக்குப் போனேன். சுருதி கூட்டுபவர் வேலையில் மூழ்கியிருந்தார். கடலோர ஈரக்காற்றில் இருந்த ஒலிப்பலகை இங்கே சோளகத்தின் (தென்மேற்குக் காற்றின்) வறட்சியில் சுருங்க, தந்திகளின் இழுவை தளர்ந்து சுருதி இறங்கிவிடுகிறது. 88 கட்டைகளுக்கு 200க்கும் மேற்பட்ட தந்திகள். நடு ஸ்தாயியில் ஒரு கட்டைக்கு மூன்று. அவற்றில் இரண்டைக் கம்பளிப் பட்டையால் அடக்கி, ஒன்றைச் சரிசெய்து, பின்னர் மற்றவற்றை ஒவ்வொன்றாக விடுவித்து, ஒலியின் அலைவு மறையும்வரை முளையைத் திருகினார்.

“நாளைக்குக் காலமையும் ஒருக்காப் பாக்கோணும், ரீச்சர்” என்றார்.

அந்தர காந்தாரம் (மேல் ‘க’ சுரம்) மட்டும் என் காதுக்குச் சற்று உயர்ந்தே ஒலித்தது. ஸ்தாயியை 12 சம பங்காகப் பிரித்தால் அது அப்படித்தான் நிற்கும். தம்புராவில் தானாக எழும் காந்தாரம் இதைவிடத் தாழ்ந்தது.

2024 ஓகஸ்ட் 10, சனி

ஒலிவாங்கி இல்லை. இரைச்சலுக்காக மின்விசிறிகளையும் நிறுத்திவிட்டார்கள். கோயில் திருவிழா ஒலிபெருக்கிகளுக்குப் பழகிய நமது சனம் நிகழ்ச்சித் தாளால் விசிறியபடி காதைத் தீட்டிக்கொண்டு இருந்தது.

ஜேர்மன் இசையமைப்பாளர் பாக்கின் 1722ஆம் ஆண்டுத் தொகுப்பிலிருந்து முதல் முன்னிசையும், ஒரே மெட்டைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏந்தும் பியூக்கும் தெளிவாக இருந்தன. அதற்குமேல் என்னைத் தொடவில்லை. அடுத்து வந்த சூபேர்ட்டின் 1827ஆம் ஆண்டு இம்ப்ரொம்ப்டு என்னும் சிறு பியானோ உருப்படிதான் (மூன்றாவது, ஜி பிளாட் மேஜர்) என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது. வலக்கையின் கடைசி விரல்கள் பாட்டை ஏந்த, அதே கையின் மற்ற விரல்கள் அடியில் ஓயாது ஓடின. கமகம் இல்லாத வாத்தியம் என்று பியானோவைக் குறைத்துப் பேசுவது நம்மிடையே வழக்கம். தட்டிய சுரத்தை வளைக்கவோ வளர்க்கவோ முடியாது என்பது உண்மையே. ஆனால் முதற்சுரம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று கேட்டு, அந்த அளவுக்கே அடுத்த சுரத்தைத் தட்டினால், இரண்டும் ஒரே மூச்சில் பாடியதுபோல் ஒட்டிக்கொள்கின்றன. வாசித்த பெண் இதை வரிக்கு வரி செய்தார். மாணவர்களிடம் நான் மன்றாடிக் கேட்கும் காரியம் இது.

இறுதியாக, பீத்தோவன் 1801இல் இயற்றிய சி ஷார்ப் மைனர் சொனாட்டா, பல பகுதிகள் கொண்ட உருப்படி. முதற்பகுதி முழுவதையும் ஒலியை நிறுத்தும் அடக்கிகள் தந்திகளின்மீது படாமலே வாசிக்கும்படி அவர் எழுதிவைத்தார். அன்றைய பியானோவில் ஒலி விரைவாகத் தேய்ந்தது. இன்றைய வாத்தியத்தில் அப்படிச் செய்தால் எல்லாம் கலங்கிவிடும். முன்வரிசையிலிருந்து வாசித்த பெண்ணின் சப்பாத்தையே கவனித்தேன்: குதிகால் நிலத்தில் ஊன்றியிருக்க, சுரக்கூட்டு மாறும் ஒவ்வொரு தடவையும் நுனிப்பாதம் மட்டும் இம்மியளவு எழுந்து, அடக்கிகளைத் தூக்கும் மிதியை மாற்றியது.

2024 ஓகஸ்ட் 11, ஞாயிறு

நேற்று முதற்பகுதி முடிந்ததும் சிலர் கைதட்டினார்கள். முன்னால் இருந்த பெரியவர் ஒருவர் திரும்பி முறைத்தார். பீத்தோவனின் காலத்துச் சபைகளிலும் பகுதிகளுக்கிடையே கைதட்டும் வழக்கம் இருந்தது, ஆகவே அந்த முறைப்பு மிகை. எனினும் இந்தச் சொனாட்டாவில் அடுத்த பகுதியை உடனே தொடங்கும்படி பீத்தோவனே குறித்திருப்பதால், நிகழ்ச்சித் தாளில் ஒரு வரி அச்சிட்டிருந்தால் போதுமாயிருந்தது. விழாக் குழுவினரிடம் இதைச் சொல்லியிருக்கிறேன். வருகிற ஆண்டு செய்வார்களா, பார்ப்போம்.